கடைக் கதவை இறக்கிய அண்ணைக்கும் மற்ற எல்லோருக்கும்

செவ்வாய்க்கிழமை எங்கள் இல்லத்துப் பெரியவரின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் செய்தியை மட்டும் நாலு பேருக்கு அனுப்பியவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் முதியோர் இல்லத்தின் சார்பில் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் ஏற்கெனவே போய்விட்டது. மேலாளர் எழுதியது. அளவாகவும் அழகாகவும் இருந்தது. அதில் இடம்பெறாத ஒன்றைச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வசதி. அதைப் படிக்க வேண்டியவர்களும் பெரும்பாலும் நீங்கள்தான்.

நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. இறுதிச் சடங்குக்கு ஆள் கேட்டு நாங்கள் ஒட்டிய அறிவிப்பை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நூறு வயதை எட்டப் போன ஒரு மனிதரின் படிவத்தில் நெருங்கிய உறவினர் என்ற கட்டம் காலியாக இருந்தது. பெட்டியைத் தூக்க ஆள் இருந்தால் போதும் என்றுதான் கேட்டோம். மண்டபம் நிறைந்து வெளியே புல்தரையிலும் ஆட்கள் நின்றார்கள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. இதை எழுதும்போதும் எழுந்து எழுந்து நடந்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறேன்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரையாவது விட்டுவிடுவேன். கொடி ஏந்தி வந்த ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர்கள், பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து சீருடையில் வந்த இளைஞர்கள், மோட்டார் சைக்கிள்களில் ஊர்வலத்துக்கு முன்னால் போன முன்னாள் படைவீரர்கள், கடைசி மரியாதைக்கு எக்காளம் ஊதிவிட்டுப் போக்குவரத்துச் செலவைக்கூட வாங்க மறுத்தவர், பூக்கடை அம்மா, பாதிரியார், எல்லோருக்கும் நன்றி. நம் குடும்பங்கள் விடியற்காலையில் எழுந்து செய்து அனுப்பிய பலகாரங்களுக்கும் நன்றி. வெள்ளைக்காரர் வீட்டுச் சாவுக்கு யாராவது உளுந்துவடை கொண்டு போவார்களா என்று கேட்டவர்களுக்குத் தகவல்: மீந்தது சாண்ட்விச் மட்டும்தான்.

லிங்கன் நகரில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தாருக்குத் தனியாக ஒரு வரி. பாம்பர் கமாண்ட் என்பது இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசப் போன பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவு. பெரியவர் அதில் இருந்தவர். இறந்த விமானிகளின் விவரங்களை அவர்கள் இணையத்தில் எல்லோரும் தேடும்படி வைத்திருக்கிறார்கள். பெரியவர் காய்ச்சலில் படுத்திருந்த ஓர் இரவில் அவருடைய குழு போய்த் திரும்பவில்லை. அவர் எங்களிடம் சொன்னது செல்லப் பெயர்களைத்தான். முழுப் பெயர்களை அந்தப் பதிவேடுதான் கொடுத்தது. அவருக்குப் பதிலாக ஏறியவரையும் சேர்த்து ஏழு பெயர்களை, விமானப்படைப் பயிற்சி மாணவி ஒருத்தி மண்டபத்தில் நின்று வாசித்தாள். இறந்துபோனபோது அந்த ஏழு பேரில் பலருக்கு அவளைவிட மூன்று நான்கு வயதுதான் கூடுதலாக இருந்திருக்கும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மளிகை, செய்தித்தாள், லாட்டரி எல்லாம் விற்கும் கடையை உங்களில் பலருக்குத் தெரியும். கறிவேப்பிலைக்கும் தூள் மிளகாய்க்கும் நாம் எல்லோரும் அங்கேதான் போகிறோம். அண்ணையிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். சொந்த ஊரை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது பிள்ளை, அது ஒளிக்கிற விஷயம் இல்லை" என்றார். அவர் யாழ்ப்பாணத்து நவாலிக்காரர்.

அறிவிப்பை அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டு போன நாளில் அவர் கடைக்கும் போனேன். தாளை வாங்கிப் படம் இருந்த பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. "ஐயோ, இந்தத் தாத்தாவா?" என்றார். பேட்டரி நாற்காலியில் வந்து பெப்பர்மின்ட்டும் பேப்பரும் வாங்குகிறவர். சில்லறையைத் தானே எண்ணி வைப்பார், யாரும் உதவக் கூடாது. பல வருஷப் பழக்கம். பிறகு அண்ணை கீழே இருந்த எழுத்துகளைப் படித்தார்.

"இவர் பொம்பரில் போனவரா?"

ஆமாம் என்றேன். வால்பகுதித் துப்பாக்கிக்காரர் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதை நான் ஒட்ட மாட்டேன் பிள்ளை. கோபிக்காதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கறிவேப்பிலைக் கட்டு ஒன்றைக் காசு வாங்காமல் என் பைக்குள் வைத்தும் அனுப்பினார்.

1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தின் மேல் இலங்கை விமானப்படையின் குண்டு விழுந்ததை எங்கள் தலைமுறைத் தமிழ்நாட்டுக்காரர்கள் செய்தியாகப் படித்திருப்போம். ராணுவம் முன்னேறி வந்ததால் ஊரைவிட்டு ஓடிவந்த சனங்கள் அங்கே ஒதுங்கியிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அண்ணை வீட்டில் யார் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. கடைக்குப் போகும்போது நீங்களும் கேட்க வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லிங்கன்ஷயரில் இருந்துகொண்டு பாம்பர் கமாண்டைப் பற்றித் தராசு பிடித்துப் பேசுவது சுலபமில்லை. போர்க்காலத்தில் இந்த மாவட்டத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட விமானத் தளங்கள் இருந்தன. பாம்பர் கமாண்டில் மொத்தம் பறந்தவர்கள் 1,25,000 பேர், திரும்பாதவர்கள் 55,573 பேர். அத்தனை பேரும் தாமாக முன்வந்தவர்கள். 1944 மார்ச் 30 இரவு ஜெர்மனியின் நியூரம்பெர்குக்குப் போன விமானங்களில் 95 திரும்பவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் 1945 மே மாதத்தில் சர்ச்சில் ஆற்றிய வெற்றி உரையில் அவர்களுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. லண்டன் கிரீன் பார்க்கில் நினைவுச்சின்னம் எழுந்தது 2012-இல். பதக்கத்தின் நாடாவில் குத்திக்கொள்ளும் ஒரு சிறு பட்டையை அரசு கொடுக்கத் தொடங்கியது அதற்கும் அடுத்த ஆண்டில். எங்கள் பெரியவர் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை.

ஏன் அந்த மௌனம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1943 ஜூலையில் ஹாம்பர்கில் எழுந்த தீப்புயலில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரமும் எரிந்தது. அனுப்பியவர்கள் சங்கடப்பட்டார்கள், சங்கடத்தைப் போய் வந்தவர்களின் தலையில் கட்டினார்கள். அது அநியாயம் என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கீழே செத்தவர்களுக்கு இந்த வாதத்தால் என்ன பயன் என்று அண்ணை கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர் அப்படிக் கேட்கவும் இல்லை.

சில நாள் கழித்து அவரே கேட்டது வேறு. பால் வாங்கப் போயிருந்தேன். கடையில் வேறு யாரும் இல்லை.

"அந்தத் தாத்தா அதைப் பற்றிப் பேசினவரா?"

ஒரே ஒருமுறை பேசினார் என்றேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவருடைய குழு இருந்தது 35-வது ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவில். (இதன் முழுப் பெயரில் மதராஸ் மாகாணமும் சேர்ந்திருக்கும். நம் பக்கத்திலிருந்து போன போர்நிதிக்காக வைத்த பெயர். நான் மெட்ராஸ் என்று தெரிந்த நாளிலிருந்து பெரியவர் என்னைத் தன் படைப்பிரிவைச் சேர்ந்தவள் என்றுதான் கூப்பிடுவார்.) கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கிரேவ்லி என்ற தளம். மற்ற விமானங்களுக்கு முன்னால் போய், குண்டு விழ வேண்டிய இடத்தில் வண்ண வெளிச்சங்களைப் போட்டுக் காட்டுவது அந்தப் பிரிவின் வேலை. விமானி முன்னால் பார்ப்பார், குண்டு வீசுகிறவர் கீழே பார்ப்பார். வேலை முடிந்து விமானத்தை வீட்டை நோக்கித் திருப்பியதும் அவர்களுக்கு எதிரே இருள்தான். வால்பகுதித் துப்பாக்கிக்காரர் மட்டும் பின்னோக்கி உட்கார்ந்திருப்பார். எரிகிற ஊர் வெகு தூரத்துக்கு, வெகு நேரத்துக்கு அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். எதிரி விமானம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், அதனால் கண்ணை மூடவும் முடியாது. "அங்கே சமையலறைகள் இருந்திருக்கும்" என்றார் பெரியவர். அவ்வளவுதான் சொன்னார். பிறகு தேநீர் ஆறிவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

அண்ணை கேட்டுக்கொண்டிருந்தார். "பரா லைட்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். இரவில் பாரசூட்டில் இறங்கும் வெளிச்சக் குண்டுக்கு அவர்கள் ஊர்ப் பெயர் அது. பிறகு, "எங்களுக்கு மேலே வந்தவன் திரும்பிப் பார்த்தவனோ தெரியாது" என்றார். பாலுக்கு மீதிச் சில்லறை கொடுத்தார். நான் வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஊர்தி கடைத்தெரு வழியாகப் போனது. நான் பின்னால் வந்த காரில் இருந்தேன். அந்தக் கடையை நெருங்கும்போது பெயர்ப்பலகை விளக்கு அணைந்திருந்தது. இரும்புக் கதவு முழுதாகக் கீழே இறங்கியிருந்தது. கதவுக்கு வெளியே அண்ணை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கிறிஸ்துமஸ் அன்றுகூட அரைநாள் திறந்திருக்கும் கடை அது. ஆனால் சவம் தெருவில் வந்தால் அது கடந்து போகும்வரை கடையைச் சாத்திவிட்டு வாசலில் நிற்பது நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்த பழக்கம் இல்லை. நான் பிறந்த ஊரில் வெற்றிலைக் கடைக்காரர்கூடப் பலகையை எடுத்து வைப்பார். செத்தவன் யார், நல்லவனா, கடன் வைத்துவிட்டுப் போனவனா என்றெல்லாம் அப்போது பார்ப்பதில்லை. இந்த நாட்டில் அந்தப் பழக்கத்தை நான் பார்த்ததே இல்லை. பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. மீன் வறுவல் கடைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார், ஊர்தியைப் பார்த்தார். ஏப்ரனைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு அவரும் வந்து நின்றார்.

மண்டபத்துக்கு அண்ணை வரவில்லை. வருவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. வந்திருந்தால் எனக்கு இவ்வளவு கனத்திருக்காது என்று தோன்றுகிறது. சீருடைக்கும் கொடிக்கும் மரியாதை செய்ய அன்று நிறையப் பேர் இருந்தார்கள். அதைச் செய்வதில் எங்களில் யாருக்கும் செலவு எதுவும் இல்லை. எனக்கும்தான். அண்ணை எதையும் மறக்கவில்லை, எதையும் மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. ஒட்ட மாட்டேன் என்ற தாளைக் கடைசிவரை ஒட்டவும் இல்லை. தன் கடைக்குச் சில்லறை எண்ணி வைத்த கிழவருக்கு, தன் ஊர் வழக்கப்படி ஒரு மனிதனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். கிரீன் பார்க் நினைவுச்சின்னத்தில், குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூர்வதாக ஒரு வரி உண்டு. நல்ல வரிதான். அதைக் கல்லில் வெட்டியவர்களைவிட அண்ணைக்கு அதன் எடை கூடுதலாகத் தெரியும்.

அண்ணை, நன்றி. இதை நேரில் சொன்னபோது நீங்கள் அரிசி மூட்டையின் விலை ஏறியதைப் பற்றிப் பேசிப் பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதனால்தான் எழுத்தில்.

இரண்டு காரியங்களை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால் பிறகு தட்டிக்கழிக்க முடியாது. ஒன்று, லிங்கனில் 31 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்த இரும்புத் தூண். லங்காஸ்டர் விமானத்தின் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை உள்ள நீளம் அது. அதைச் சுற்றியுள்ள சுவர்களில், பறந்தவர்களோடு மற்றப் பணியாளர்களையும் சேர்த்து, சுமார் 58,000 பெயர்கள். ஆண்டுக்கு ஒருமுறை போய் அந்த ஏழு பெயர்களுக்கும் பூ வைப்பேன். பெரியவர் நடக்க முடிந்தவரை அதைச் செய்தார், இனி அவருடைய படைப்பிரிவில் மிஞ்சியிருப்பது நான்தான். இன்னொன்று, ஜூலை 9. அண்ணை வீட்டில் அன்று விளக்கு ஏற்றுவார்கள். நான் வரலாமா என்று கேட்டேன். "வா, ஆனால் வடை கொண்டு வராதே, அன்றைக்கு எங்கள் வீட்டில் கஞ்சி மட்டும்தான்" என்றார்.

கடைசியாக, செவ்வாய்க்கிழமை பலகாரம் வந்த பாத்திரங்களில் இரண்டு எவர்சில்வர் தூக்குகளும் ஒரு பெரிய பிரியாணிச் சட்டியும் இன்னும் இல்லத்தின் சமையலறையில் இருக்கின்றன. சட்டியின் அடியில் ஆங்கிலத்தில் 'எஸ்' என்று கீறியிருக்கிறது. அது யாருடையது என்று மூன்று வீட்டுக்காரர்கள் இதுவரை உரிமை கொண்டாடிவிட்டார்கள். நீங்களே பேசித் தீர்த்துக்கொண்டு மாலை ஆறு மணிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.