ஹெலிகாப்டர் எஞ்சினின் கவர்னரை நிறுத்திவிட்டும் பறக்கப் பழக்குங்கள்

மதிப்பிற்குரிய விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு,

வணக்கம். போச்சம்பள்ளி வட்டாரத்தில் கிணற்று டீசல் எஞ்சின்களைப் பழுதுபார்த்து முப்பது ஆண்டுகளாகப் பிழைத்து வருகிறேன். என் தங்கை மகன் தனியாக ஓட்டிச் சென்ற பயிற்சி ஹெலிகாப்டர், தரையிறங்கும் வேளையில் எஞ்சின் வேகம் குறைந்து மோதிச் சாய்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அவன் உயிர் பிழைத்தான். பயிற்சி நிலையம் எங்களுக்கு அனுப்பிய கடிதத்திலோ ‘மாணவரின் கவனக்குறைவு’ என்பதற்கு மேல் ஒரு வரியும் இல்லை.

எஞ்சினில் உள்ள கவர்னர் என்ற கருவி என்ன வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். எஞ்சின் வேகத்தை அது தானே சீராக வைத்திருப்பதால் ஓட்டுபவரின் கை, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியான திராட்டிலை மறந்துவிடுகிறது. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் பனி உறைந்து எஞ்சின் திணறத் தொடங்கினாலும், கவர்னர் திராட்டிலைக் கூடுதலாகத் திறந்து அந்தக் குறையை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். அதற்குமேல் திறக்க இடமில்லாதபோதுதான் மேலே சுழலும் இறக்கைகளின் வேகம் இறங்கும். அப்போது எச்சரிக்கை ஒலி எழுந்தவுடன் திராட்டிலைத் திறந்து, ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் இடக்கைப் பக்கத்து நெம்புகோலைக் கீழே தாழ்த்த வேண்டும். ஆனால் தரை நெருங்கி வருவதைப் பார்க்கும் பழகாத கை அதை மேலேதான் இழுக்கும். இழுத்தால் வேகம் இன்னும் குறைந்து, இறக்கைகள் காற்றில் பிடிப்பிழந்துவிடும்.

எங்கள் பிள்ளையும் மேலேதான் இழுத்தான். கவர்னரை அணைத்து ஓட்டிய பயிற்சி அவனுடைய பதிவேட்டில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இன்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது சாலையில் பேருந்து ஹாரன் அடித்தால், அவன் இடக்கை தானாகக் கீழே அழுந்துகிறது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் தங்கை எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

ராபின்சன் நிறுவனத்தின் ஆர்22, ஆர்44 என்னும் சிறு ஹெலிகாப்டர்களுக்கென அமெரிக்க விமானத்துறை 1995-லேயே தனி விதி வகுத்து, கவர்னர் இன்றி வேகத்தைக் காக்கும் பயிற்சியையும், சுழல்வேகம் குறைவதை உணர்ந்து மீளும் பயிற்சியையும் அதில் சேர்த்தது. இங்கும் எந்த நிலையமானாலும், இவ்விரண்டையும் பழக்கிப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே மாணவரைத் தனியே அனுப்ப வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

தேர்தல் நேரத்தில் தலைவர்களின் ஹெலிகாப்டர் கிருஷ்ணகிரியில் இறங்குவதென்றால், இறங்குதளத்தைச் சோதிக்கப் பொதுப்பணித்துறையும், பக்கத்தில் நிற்கத் தீயணைப்பு வண்டியும் உடனே வந்துவிடுகின்றன. ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளையின் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க மட்டும் ஏன் ஒருவரும் வருவதில்லை? கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பத்துக்கு, அவன் கவனக்குறைவானவன் என்ற பட்டம்தான் மிச்சமா?

கடுஞ்சொல் இருந்தால் பொறுத்தருளுங்கள். கவர்னர் இல்லாப் பயிற்சியைத் தனிப்பறத்தலுக்கு முன் கட்டாயமாக்குங்கள். அந்த எஞ்சினையும் கவர்னரையும் பிரித்துச் சோதித்த முழு அறிக்கையை எங்களுக்குத் தாருங்கள். தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
மாணவரின் தாய்மாமன்
போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்