பாத்திரம் கிடைக்காத மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

"வேஷம் கிடைக்கலம்மா, ஸ்டேஜ் மேனேஜர் வேலைதான் கொடுத்திருக்காங்க" என்று நேற்று போனில் சொல்லிவிட்டு, அப்புறம் வாயே திறக்காமல் இருந்தாய். அப்பாவிடம் சொன்னேன். "பாத்திரம் கிடைக்கலன்னா என்ன, இங்க தொட்டி நிறையக் கிடக்கு, வந்து கழுவச் சொல்லு" என்றார். கொஞ்ச நேரம் பேப்பரைப் புரட்டிவிட்டு, "ரொம்ப அழுதாளா?" என்று கேட்டார்.

நாடகத் துறையில் சேரப்போகிறேன் என்று நீ சொன்ன அன்று நான் போட்ட சண்டை உனக்கு மறந்திருக்காது. மூன்று வருஷமும் நடிக்கத்தான் சொல்லித்தருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும், நாடகம் படித்த ஒருத்தி எப்படிப் பிழைக்கிறாள் என்பதை நான் கண்ணால் பார்த்தவள். அதை உன்னிடம் சொன்னதே இல்லை.

நர்ஸ்களான எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. மகன் இறந்துபோன செய்தியை ஒரு தாயிடம் சொல்ல வேண்டும். தாயாக நடிக்க ஒரு பெண் வந்திருந்தார். என் தோழிதான் செய்தியைச் சொன்னாள். அந்த அம்மா அழவில்லை. மடியில் கிடந்த சால்வையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாதாரணக் குரலில், "நீங்க பேசும்போது ரெண்டு தடவை கதவைப் பார்த்தீங்க. எப்போ கிளம்பலாம்னு பார்க்கிறீங்கன்னு எனக்குத் தோணிடுச்சு" என்றார். அத்தனை வருஷ வேலையில் எந்த மேலதிகாரியும் எங்களுக்கு அப்படி ஒரு குறையைச் சொன்னதில்லை. 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைத்த முறை இது. இன்று எத்தனையோ மருத்துவக் கல்லூரிகளில் நோயாளியாக நடிக்கவென்றே ஆட்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு வாரத்தில் சில நாள் இந்த வேலை, மிச்ச நாளில் ஒத்திகை. இதைப் பார்த்த பிறகும் உன்னிடம் சண்டை போட்டேன் பார். ஊரார் பிள்ளை என்றால் ஒரு நியாயம், தன் பிள்ளை என்றால் ஒரு பயம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் உன் நாடகத்துக்கு வந்தபோது, பக்கத் திரைக்குப் பின்னால் என்னை நிற்க வைத்தாயே, அன்று நான் நடிகர்களைப் பார்க்கவே இல்லை. காதில் ஹெட்செட்டும் மேசையில் பிரதியுமாக உட்கார்ந்திருந்த உன் சீனியரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரதியின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. "லைட் 42, ஸ்டாண்ட்பை" என்றாள், அடுத்த விளக்கு மாற்றத்துக்குத் தயாராக இருக்கச் சொல்லி. மூச்சை இழுத்து, "கோ." மேடை இருண்டது. அந்த 'கோ'வை அவளைத் தவிர வேறு யாரும் பேச்சுவாக்கில்கூடச் சொல்லக் கூடாதாமே! ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிற ஒழுங்கு அது. அந்த வேலையைத்தான் இப்போது உனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அதில் உயிர்ப் பொறுப்பும் இருக்கிறது. 1903 டிசம்பரில் சிகாகோவின் இரோக்வா அரங்கம் தீப்பிடித்தபோது, தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. கதவுகள் பல திறக்கவில்லை. 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். திறந்து ஆறு வாரம்கூட ஆகாத அரங்கம். ஒத்திகைக்கு முன்னால் வெளியேறும் வழியை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கச் சொன்னால் முகம் சுளிக்காதே.

பிழைப்பைப் பற்றியும் பேசிவிடுகிறேன். நடிப்பை மட்டும் நம்பி வருஷம் முழுக்கச் சம்பாதிப்பவர்கள் கொஞ்சப் பேர்தான், உன் ஆசிரியரே சொன்னார். ஒரு நாடகம் முடிந்தால் அடுத்தது வரும்வரை கை காலி. ஒளியமைப்பு, ஒலி, உடை, அரங்கப் பொருள் என்று ஏதாவது ஒன்றில் கை பழகியவர்களை நாடகம் மட்டுமில்லை, இசை நிகழ்ச்சி, தொலைக்காட்சி, அருங்காட்சியகம் என்று எல்லா இடத்திலும் தேடுகிறார்கள். பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் ஆசிரியர் பயிற்சி தனி. நாடகத்தை வைத்து மனசுக்கு வைத்தியம் பார்க்கிற நாடக சிகிச்சைக்கு அதற்கென்று மேற்படிப்பு வேண்டும். இந்தப் பட்டம் மட்டும் போதாது, இப்போதே விசாரித்து வை. எந்த வேலையானாலும் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

நீ பாடமாகப் படிக்கும் பிரேசில் நாடக இயக்குநர் அகுஸ்தோ போவாலைப் பற்றி நானும் படித்தேன். பார்வையாளர் நாடகத்தை நிறுத்தி, தானே மேடையேறி முடிவை மாற்றிப் பார்க்கலாம் என்றவர். 1992இல் ரியோ டி ஜெனிரோ நகரமன்றத்துக்கே தேர்வாகி, மக்களோடு போட்ட நாடகங்களிலிருந்து சட்டங்கள் கொண்டுவந்தாராமே. அவர் வேதிப் பொறியியலும் படித்தவர் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தியா, அது கையில இருந்ததால தைரியமா இறங்கினார்" என்கிறார். நான் வாதாடவில்லை.

கடைசி நாள் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வை. நீ எந்தப் பக்கம் உட்காருவாய் என்று முன்னாலேயே சொல்லிவிடு. மேடை இடது என்றால் எங்களுக்கு வலது, அது ஞாபகம் இருக்கிறது. திரை விலகும்போது உன் முழங்கையாவது தெரிகிற மாதிரி இடம் பார்த்து உட்காருகிறோம்.

அன்புடன்,
அம்மா