பயோசார் பையில் எழுதாத விஷயம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு கடையில் பயோசார், அதாவது மண்ணில் போடும் கரி, வாங்கினேன், இரண்டு கிலோ ஒன்பது வெள்ளி. பையின் முன்பக்கம் பூமிப் பந்தும் பச்சை இலையும் போட்டு, பருவநிலை மாற்றத்தைத் தடுக்கும் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அது எதிலிருந்து செய்த கரி, எப்படிப் போட வேண்டும் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. பூங்காவில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம்தான். முழுப் பையையும் அதில் கொட்டிக் கிளறித் தண்டுக்கீரை விதைத்தேன். முளைத்தது, விரல் உயரம் வந்ததும் வெளுத்து மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். புதுக்கரி உள்ளே முழுக்கத் துளைதான், மண்ணில் இருக்கும் தழைச்சத்தை முதலில் தானே இழுத்து வைத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். மட்கிய உரத்தோடு கலந்து ஈரமாக இரண்டு மூன்று வாரம் ஊறவைத்துப் போட்டால் அதே கரி சத்தையும் தண்ணீரையும் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கொடுக்கும். இந்த இரண்டு வரியைப் பையில் போட எவ்வளவு மை செலவாகும்?

அதற்காகப் பயோசாரே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் உமிக் குவியல் புகைந்து அணைந்த பிறகு கிளறிப் பார்த்தால், மேலே வெள்ளைச் சாம்பல், காற்றுப் படாத உள்பக்கம் கன்னங்கரேல் என்று உமிக்கரி. வெள்ளையாகிப்போன இடத்தில் இருந்த கரிமம் அநேகமாக எல்லாம் ஆகாயத்துக்குப் போய்விட்டது, கறுப்பில் இருப்பது மிச்சம். அந்த மிச்சத்தை மண்ணில் புதைத்தால் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மட்காமல் கிடக்கும். அமேசான் காட்டில் பழங்குடிகள் கரியும் எலும்பும் குப்பையும் சேர்த்து உண்டாக்கிய 'டெரா பிரெட்டா' என்ற கறுப்பு மண் இன்றைக்கும் வளமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. கரியில் முக்கால் பங்கு கரிமம் என்று வைத்துக்கொண்டால் ஒரு டன் கரி சுமார் 2.75 டன் கரியமில வாயுவுக்குச் சமம் (உமிக்கரியில் மணல்சத்து அதிகம், அதனால் இன்னும் குறையும்). இங்கே சிங்கப்பூரில் 2026இல் கரிம வரி, வெளியிடும் கரியமில வாயு டன்னுக்கு 45 வெள்ளி. அந்த விலையில் பார்த்தால் நான் வாங்கிய இரண்டு கிலோ பூமிக்குச் செய்த உதவி ஏறக்குறைய 25 காசு. அந்தப் பை கப்பலில் வந்த செலவை யார் கழிப்பது? சிங்கப்பூரில் விவசாய நிலம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, நம் தொட்டியில் போட்டுப் பருவநிலையை மாற்ற முடியாது.

வேலை நடக்க வேண்டிய இடம் வைக்கோலையும் உமியையும் எரித்துத் தொலைக்கிற வயல்கள்தான், அதுவும் கரியை அங்கேயே செய்து அங்கேயே போட வேண்டும். வெப்பமண்டலத்துப் புளிப்பு மண்ணில் விளைச்சல் கூடுகிறது, ஏற்கெனவே காரத்தன்மை உள்ள மண்ணில் பெரிய பலன் கிடையாது, ஏனென்றால் கரிக்கே காரத்தன்மை உண்டு. ராமநாதபுரத்துக் கரிமூட்டம் மாதிரி நாள்கணக்கில் புகையவிட்டால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கிளம்பி லாபத்தைத் தின்றுவிடும். குழியில் மேலே தீ கொழுந்துவிட்டு எரியும்படி வைத்து, சாம்பல் பூக்க ஆரம்பித்ததும் தண்ணீர் ஊற்றி அணைப்பது மேல். கரிக்காக நல்ல மரத்தை வெட்டினால் எல்லாமே வீண்.

சரி, இங்கே நம்மால் ஆனது? சாலையோரம் தூங்குமூஞ்சி மரங்களைக் கழித்துக் கிளை கிளையாக லாரியில் ஏற்றுவதைத் தினமும் பார்க்கிறோம். அதில் ஒரு பங்கைக் கரியாக்கி, ஊறவைத்து, சமூகத் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கலாம். கடைகளில் விற்கும் பையில் மூலப்பொருள், செய்த நாடு, ஊறவைத்ததா இல்லையா என்ற மூன்றையும் போடச் சொல்லலாம்.

பாத்தியில் மட்கிய உரம் இரண்டு வாளி கலந்து, மூன்று வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்து மறுபடி விதைத்தேன். இந்த முறை கீரை முழங்கால் உயரம். பக்கத்துப் பாத்தி சீன அங்கிள் என்ன போட்டாய் என்று கேட்கிறார், பையைக் காட்டவில்லை.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி