ஊசி போட்டு அனுப்பிவிட்டு போனை எடுக்காத ஃபில்லர் கிளினிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

அழகு சிகிச்சை கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கும், அவற்றில் பணம் போட்டிருக்கும் முதலாளிகளுக்கும் வணக்கம்.

முகத்தின் பள்ளத்தையும் கோட்டையும் நிரப்ப ஊசியில் ஏற்றுகிற ஃபில்லர் என்றால் என்ன, அதில் இருக்கும் ஹயலுரானிக் அமிலம் தோலுக்கடியில் என்ன செய்யும் என்றெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, எதைப் பார்த்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் கொடுங்கள். அந்தத் தாளில் ராத்திரியும் ஒரு டாக்டர் எடுத்துப் பேசுகிற போன் நம்பர் இருக்கட்டும். அவ்வளவுதான்.

எங்கள் அண்ணி வங்கியில் வேலை பார்க்கிறார், நாற்பதைத் தாண்டியவர். உடம்புக்கு முடியாமல் கிடந்து எழுந்ததில் கன்னம் ஒட்டிப்போய், மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு ஆழமாகிவிட்டது. அதற்குத்தான் ஃபில்லர் போட்டுக்கொண்டார். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறவர்கள் இந்த மடலை இத்தோடு மூடிவிடலாம். அவர் முகம், அவர் சம்பளம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போட்டார்கள். முகத்தில் மரத்துப்போகும் க்ரீமைப் பூசிவிட்டு, அது ஊறுகிற நேரத்தில் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் அடித்த சம்மதப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். முடிந்ததும் கண்ணாடி காட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், பில் போட்டார்கள். "வீங்கினா ஐஸ் வைங்க மேடம், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று வாசல்வரை வந்து சொன்னார்கள். சிகிச்சைக்குப் பிந்தைய ஆலோசனை என்று அவருக்குக் கிடைத்தது மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

சாப்பிடும்போதுகூட ஒன்றும் தெரியவில்லை. படுக்கப் போகிற நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வலிக்க ஆரம்பித்தது. மூக்குத் துவாரத்தின் ஓரமும் மேலுதட்டின் அந்தப் பாதியும் வெளுத்துக் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் அந்த வெளுப்புக்குள் வலைவலையாக ஊதா நிறம் ஓடியது. சொன்னார்களே என்று ஐஸ் வைத்தார். வலி கூடியது. மறுபடி வைத்தார். இன்னும் கூடியது.

கார்டில் இருந்த நம்பரைக் கூப்பிட்டோம், மணி அடித்து அடித்து நின்றது. வாட்ஸ்ஆப்பில் அந்தப் பக்கத்து முகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினோம், உடனே பதில் வந்தது. "எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி, எங்கள் பிரதிநிதி உங்களை அழைப்பார்" என்று தானாக வருகிற பதில். கூடவே லேசரில் முடி நீக்குவதற்குத் தள்ளுபடி விளம்பரம். கடைசியில் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணின் சொந்த நம்பர் எப்படியோ கிடைத்துப் பேசினால், பாவம் அந்தப் பெண்ணும் தனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னாள்: "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் மேடம். ஐஸ் வைங்க. நாளைக்கு லீவு, திங்கட்கிழமை வாங்க."

திங்கட்கிழமை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் தோல் கெட்டுப்போக ஓரிரு நாள் போதும். இது மாதிரி நேரத்தில் ஐஸ் வைக்கவே கூடாது, குளிர் பட்டால் குழாய் இன்னும் சுருங்கும், வெதுவெதுப்பான ஒத்தடம்தான் கொடுக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது. நீங்கள் சொன்ன ஒரே ஒரு வரியும் அந்த ராத்திரிக்குத் தப்பான வரியாகிவிட்டது.

தெரிந்தவர் மூலமாக வேறொரு டாக்டர் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஐஸைத் தூக்கிப் போட்டுவிட்டு உடனே கிளம்பி வாருங்கள் என்றார். போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன ஃபில்லர் போட்டார்கள்? எங்களுக்குத் தெரியவில்லை. பில்லை எடுத்துக் காட்டினோம். அதில் 'ஃபேஸ் ரெஜுவனேஷன் பேக்கேஜ்' என்று இருந்தது. ஹயலுரானிக் அமிலம் என்றால் ஹயலுரானிடேஸ் போட்டுக் கரைக்கலாம், கால்சியம் சேர்ந்த வகை என்றால் அந்த மருந்துக்குக் கரையாது. வாசலில் நோயாளி துடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு டாக்டர் இதை ஊகித்துக்கொண்டா இருக்க வேண்டும்? நல்ல வேளையாக அண்ணிக்குப் போட்டது கரைகிற வகை. மணிக்கொரு தடவை அழுத்திப் பார்த்து, நிறம் திரும்பும்வரை ஊசி போட்டுக்கொண்டே இருந்தார். மூக்கோரத்தில் சின்னத் தழும்பு நின்றுவிட்டது. மற்றபடி பிழைத்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடைப்பு ஏற்பட்டதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. முகத்தின் முக்கிய ரத்தக்குழாய் அந்த மூக்கோரக் கோட்டின் ஓரமாகத்தான் மேலே ஏறுகிறது, எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் இது நடக்கலாம் என்று அந்த டாக்டரே சொன்னார். நான் கேட்பது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. நிறைய ஃபில்லர் ஊசிகளில் வலி தெரியாமல் இருக்க 0.3 சதவீதம் லிடோகைன் என்கிற மரப்பு மருந்து கலந்தே வருகிறது. அதற்கு மேல் க்ரீம் வேறு. அப்படியென்றால் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வலி தெரியாமலே போகலாம். மரப்பு விட்ட பிறகு, வீட்டில், ராத்திரியில்தான் வலி தெரியவரலாம். சாயங்காலம் ஊசி போடுகிற கிளினிக் எட்டு மணிக்கு போனை அணைத்துவிட்டால், ஆபத்து தெரியவருகிற நேரமும் நீங்கள் காணாமல் போகிற நேரமும் சரியாக ஒன்றாக வந்து நிற்கின்றன. இதை யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா என்று பணிவாகக் கேட்கிறேன்.

அந்தச் சம்மதப் படிவத்தைப் பிறகு எடுத்து நிதானமாகப் படித்தேன். ரத்தக்குழாய் அடைப்பு அதில் இருக்கிறது. தோல் அழுகுவது இருக்கிறது. பார்வை போவதுகூட இருக்கிறது, பொடி எழுத்தில். ஆக உங்களைக் காப்பாற்றுகிற இடத்தில் எல்லாவற்றையும் எழுதத் தெரிந்திருக்கிறது. எங்களைக் காப்பாற்றுகிற இடத்தில் மட்டும் ஐஸ் வைங்க மேடம்.

தாள் கொடுக்கிற கிளினிக்குகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. அப்படி ஒன்றைத் தோழி ஒருத்தி காட்டினாள். எந்த ஊரிலிருந்தோ இறக்கி அச்சடித்த ஆங்கிலத் தாள். சானா என்கிற சூட்டறைக்குப் போகாதீர்கள், தோலைக் கருக்க வைக்கிற விளக்குகள் உள்ள டேனிங் படுக்கையில் படுக்காதீர்கள் என்று இருக்கிறது. சென்னையில் மே மாதம் எதற்கு ஐயா தனியாக சானா? எங்கள் வீடுகளில் நடப்பது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், சளிக்கு ஆவி பிடிப்பது, மஞ்சள் பூசிக் குளிப்பது, அடுப்படியில் நின்று வேர்ப்பது, ஹெல்மெட் போடுவது. கன்னத்தில் ஃபில்லர் போட்டுக்கொண்ட பெண் அடுத்த நிமிஷமே முகத்தை இறுக்கி அழுத்துகிற முழு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகிறாள். ஹெல்மெட் போடாமல் போகச் சொல்லவும் முடியாது. ஆட்டோவில் வாருங்கள் அம்மா என்று முன்கூட்டியே சொல்ல உங்களுக்கு என்ன செலவு?

மிக்ஸி வாங்கினால்கூட இந்த பிளேடை இப்படிப் போடு, இதைத் தண்ணீரில் முக்காதே என்று தமிழில் ஒரு புத்தகம் வருகிறது. முகத்துக்கு வரவில்லை.

என்ன எழுதுவது என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அந்த டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அன்றைக்கு முழுக்க மேக்கப், மஞ்சள், குங்குமம் எதுவும் ஊசிக் குத்தின இடத்தில் படக் கூடாது. டாக்டர் சொல்லாமல் தேய்க்கவோ அமுக்கவோ கூடாது. ஓரிரு நாள் ஜிம், ஓட்டம், மது வேண்டாம். தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும். ஆவி, எண்ணெய்க் குளியல், வெயிலில் அலைவது எல்லாம் வீக்கம் வடிந்த பிறகுதான். ஃபேஷியலும் பல் சுத்தம் செய்வதும் இரண்டு வாரமாவது தள்ளிப்போக வேண்டும், பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து ஃபில்லரில் போய் உட்கார வாய்ப்பு உண்டாம். வலிக்கு பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் ரத்தக்கட்டைக் கூட்டும், ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும், பாதியை மட்டும் எழுதினால் வேறு வினையாகிவிடும். காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் வருகிற உடம்பு என்றால் ஊசிக்கு முன்பே கேட்டு மாத்திரை கொடுக்க வேண்டும்.

அப்புறம் எது இயல்பு, எது இயல்பில்லை என்பது. உதட்டு வீக்கம் இரண்டு மூன்று நாள் இருக்கும், ரத்தக்கட்டு பத்து நாள்கூட நிற்கும், பயப்பட வேண்டாம் என்று எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இதையும் எழுதுங்கள்: நேரம் ஆக ஆக வலி கூடினால், தோல் வெளுத்தால், வலைவலையாக ஊதாவாக மாறினால் ஐஸ் வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடியில் சிவக்க வேண்டும், சிவக்காவிட்டால் கூப்பிடுங்கள். பார்வை மங்கினால், ஒரு கண் தெரியாவிட்டால், இமை திடீரென்று தொங்கினால் போன்கூடப் பண்ண வேண்டாம், கண் டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விழித்திரைக்கு ரத்தம் போகாமல் ஒன்றரை மணி நேரம் ஆனால் பார்வை திரும்புவது கடினம். மூக்கிலும் புருவ நடுவிலும் போடுகிறவர்களுக்கு இந்த வரியைச் சிவப்பில் அச்சடியுங்கள். மாசங்கள் கழித்துக்கூட காய்ச்சலோ தடுப்பூசியோ வந்த சமயத்தில் ஃபில்லர் இருக்கிற இடம் வீங்கலாம் என்று ஒரு வரி. எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் வரும். முன்னும் பின்னும் என்றால் இரண்டு பக்கம்.

ஊசி டப்பாவோடு வருகிற ஸ்டிக்கரில் ஃபில்லரின் பெயர், பேட்ச் எண் எல்லாம் இருக்கிறது. ஒன்றை உங்கள் ஃபைலில் ஒட்டுங்கள், இன்னொன்றை அந்தத் தாளில் ஒட்டிக் கொடுங்கள். ஹயலுரானிடேஸை அலமாரியில் வைத்திருங்கள். கண் ஆபரேஷனில் மரக்க வைக்கும் ஊசியோடு கலக்கிற மருந்துதானே அது, கிடைக்காத சரக்கு இல்லையே.

சொல்ல வந்ததால் இன்னொன்றும் சொல்கிறேன். ரீல்ஸில் 'லஞ்ச் பிரேக்கில் புது முகம்' என்று போடுகிறீர்கள். அந்த வீடியோவில் நீலம் பாரித்த உதடு ஒருநாளும் வருவதில்லை. கிளினிக்குகளுக்கான தமிழ்நாட்டின் 1997 சட்டத்தின்கீழ் வாங்கிய பதிவுச் சான்றிதழைப் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள், அதற்குப் பக்கத்தில் நடிகை படம், அதற்குப் பக்கத்தில் தள்ளுபடி அட்டை. ராத்திரி நம்பருக்கு மட்டும் சுவரில் இடம் இல்லை. உங்களைப் பார்த்து பியூட்டி பார்லர்களும் அழுத்தத்தாலேயே ஃபில்லரைத் தோலுக்குள் செலுத்துகிற, ஊசியில்லாத ஃபில்லர் பேனா என்று ஒன்றை வைத்து உதட்டைப் பெரிதாக்குகின்றன. அது ஆபத்து, தோலையும் கண்ணையும் கெடுக்கும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 அக்டோபரிலேயே எச்சரித்துவிட்டது. பார்லரைக் குறை சொல்லும்போது "நாங்கள் டாக்டர்கள்" என்று சொல்லிக்கொள்கிறீர்கள், சரிதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். டாக்டர் என்பதற்கு அடையாளம் ராத்திரி போனை எடுப்பதுதானே? பிரசவம் பார்க்கிற டாக்டர் எடுக்கிறார். குழந்தை டாக்டர் திட்டிக்கொண்டாவது எடுக்கிறார். அவர்கள் ஒருவரும் வாட்ஸ்ஆப்பில் தள்ளுபடி அனுப்புவதில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, மன்னிக்கவும். பொறுப்பாக நடத்துகிற டாக்டர்கள் நிறையப் பேர் உங்களில் இருக்கிறார்கள், அண்ணியைக் காப்பாற்றியவரும் உங்களில் ஒருவர்தான். அதனால்தான் கேட்கிறேன். தமிழில் ஒரு தாள், ஊசி போட்டபின் குறைந்தது இரண்டு நாளைக்கு ஒரு டாக்டர் எடுக்கிற நம்பர். அதற்கும் ஆள் இல்லை என்றால் சனிக்கிழமை சாயங்காலம் ஊசி போடாதீர்கள், காலையில் போடுங்கள், மறுநாள் கிளினிக் திறந்திருக்கிற நாளாகப் பார்த்துப் போடுங்கள். அதுவாவது முடியும்தானே?

மேலே எழுதியதையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஒரு பக்கத் தாளாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். எந்த கிளினிக் கேட்டாலும் இலவசமாக அனுப்புகிறேன், தப்பிருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், மேலே உங்கள் லோகோவையும் போட்டுக்கொள்ளுங்கள். போன் நம்பருக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். தயவுசெய்து அதில் ரிசப்ஷன் நம்பரை எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு நாத்தனார்,
சென்னை