வார்னிஷ் டப்பாவை இன்னும் திறக்காத தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

படகின் படங்களைப் பார்த்தேன். பலகை இணைப்புகள் சுத்தமாக உட்கார்ந்திருக்கின்றன. அணியத்தின், அதாவது முன்முனையின், வளைவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட மரத்தை பெயின்ட் அடித்து மறைக்க மனசு வரவில்லை, வார்னிஷ்தான் என்று எழுதியிருக்கிறாய். சரி. ஆனால் கடைசி வரியில், "சனிக்கிழமை ரெண்டு கோட் அடிச்சுட்டு ஞாயிற்றுக்கிழமை தண்ணியில இறக்கிடலாம்" என்கிறாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். இறக்கும் நாளைத் தள்ளிப் போடு.

வார்னிஷ் தண்ணீரைத் தடுக்கத்தான் என்று நீயும் நினைத்திருப்பாய். அதைவிடப் பெரிய எதிரி வெயில். பெயின்ட்டில் இருக்கும் நிறமி புற ஊதாக் கதிரை மேலேயே மறித்துவிடும். வார்னிஷ் கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால் கதிர் அதைக் கடந்து போய் மரத்தின் மேல்தோலையே அரிக்கிறது. மேல்தோல் செத்தால் வார்னிஷுக்குப் பிடிமானம் ஏது? அப்புறம்தான் ஓரத்தில் வெளுத்துத் தூக்கி, தகடு தகடாக உரிகிறது. கதிரை உறிஞ்சும் பொருள் சேர்த்த வார்னிஷாக இருந்தாலும் படலம் தடிமனாக இருந்தால்தான் அது வேலை செய்யும். ரெண்டு கோட் எந்த மூலைக்கு? வெயிலில் நிற்கும் படகுக்கு 6 முதல் 8 கோட் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கோட் என்று வைத்தாலும் உன் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறது பார்.

நாற்காலி மேசைக்கு அடிக்கும் வார்னிஷை இதற்கு எடுக்காதே. அது இறுகி விறைத்துவிடும். படகுப் பலகையோ ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கூட அசைய முடியாத படலம் இணைப்புகளில் விரிசல் விடும். பாய்மரக் கம்பங்களுக்கென்று வந்த ஸ்பார் வார்னிஷில் எண்ணெய்ப் பங்கு அதிகம், அதனால் வளைந்து கொடுக்கும்.

இனி தேய்ப்பு. பாதி வேலை இங்கேதான், உனக்குப் பொறுமை போவதும் இங்கேதான். 80 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 120, 180, 220 என்று ஏறு. நம்பரைத் தாண்டிக் குதிக்காதே. மர ரேகையோடுதான் தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் வார்னிஷ் படாத வெறும் மரத்தில் கண்ணுக்கே தெரியாது, முதல் கோட் பட்டதும் எழுந்து நிற்கும். இரும்பு நாரால் தேய்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதன் தூள் மரத்தில் மாட்டிக்கொண்டு, வார்னிஷுக்கு அடியில் துருப் புள்ளியாகப் பூக்கும். உன் படகில் தேக்கு இருக்கிற இடங்களை மட்டும், பிரஷ் எடுப்பதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் துணியால் துடைத்துவிடு. தேக்கில் இருக்கும் எண்ணெய் வார்னிஷை ஒட்டவிடாது.

முதல் கோட்டில் பாதிக்குப் பாதி தின்னர் கலந்துகொள். எந்தத் தின்னர் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், அதையே வாங்கு. தண்ணியாக இருப்பதால் மரத்துக்குள் இறங்கும். மங்கலாக, திட்டுத் திட்டாகத் தெரியும், பயப்படாதே. இரண்டாவதில் தின்னரைக் கால் பங்காகக் குறை, அதற்கடுத்ததில் இன்னும் குறை, பிறகு கிட்டத்தட்ட அப்படியே அடிக்கலாம்.

டப்பாவைக் குலுக்காதே. குலுக்கினால் குமிழி வரும், அது அப்படியே படலத்தில் உறைந்து நிற்கும். மெதுவாகக் கிளறி, வேண்டிய அளவை மட்டும் வேறு கிண்ணத்தில் வடிகட்டி ஊற்று. பிரஷ்ஷின் மயிரில் மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் போதும். கொஞ்ச அகலத்தில் குறுக்காகப் பரப்பு. பிறகு பிரஷ்ஷைச் சாய்த்து, நுனி மட்டும் படும்படி, ரேகையோடு ஒரே இழுப்பு. காயாத பக்கத்திலிருந்து வெளியே இழுக்காதே. புதுசாக அடித்த இடத்திலிருந்து ஏற்கெனவே நனைந்திருக்கும் ஓரத்துக்குள் போய் மெல்லத் தூக்கிவிடு. அந்த ஓரம் காய்வதற்குள் அடுத்த பகுதி வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் சேர்ந்த இடம் கோடாகத் தெரியும். படகின் வயிறு செங்குத்தாக இருக்கிறது, தடிமனாக வைத்தால் வழியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் வழிசலும் விட்டுப்போன இடமும் அப்பட்டமாகத் தெரியும். வழிசலை உடனே பார்த்தால் ஒரு இழுப்பில் சரி செய்யலாம். இறுகத் தொடங்கிவிட்டால் கை வைக்காதே. நாளைக்குத் தேய்த்துக்கொள்ளலாம்.

நேர் வெயிலில் அடித்தால் சமமாகப் பரவுவதற்குள் மேலே தோல் கட்டிவிடும். சாயங்காலம் அடித்தால் பனி இறங்கி பளபளப்பை மங்க வைக்கும். காலையில் ஈரம் உலர்ந்ததும் நிழலில் ஆரம்பித்து மதியத்தோடு முடித்துவிடு. மறுநாள் காய்ந்த கோட்டை 320 உப்புத்தாளால் லேசாகத் தேய். வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் அடுத்த கோட்டுக்குத் தயார். தாளில் பிசுபிசுவென்று உருண்டு ஒட்டினால் இன்னும் ஒரு நாள் விடு.

நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். படகைத் தண்ணீரிலேயே கட்டி வைப்பதாக இருந்தால் அங்கே வார்னிஷ் வேண்டாம், பாசியும் சிப்பியும் பிடிக்காத அடிப்பகுதி பெயின்ட்தான். ஓட்டிவிட்டுக் கரையேற்றி வைக்கும் சின்னப் படகென்றால் முழுக்கவே வார்னிஷ் அடிக்கலாம்.

கடைசிக் கோட் காய்ந்த பிறகும் ஒரு வாரமாவது விட்டுவிட்டுத் தண்ணீரில் இறக்கு. தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே இறுகியிருக்காது.

வார்னிஷ் நனைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போட்டு வைக்காதே. எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காய வை, இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கி வை.

மிச்சம் இருக்கும் வார்னிஷைப் பெரிய டப்பாவிலேயே விடாதே. உள்ளே காற்று இருந்தால் ஆடை கட்டிவிடும். சின்ன பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி இறுக்கி மூடு. கரையில் உரசி எங்காவது பெயர்ந்தால், அன்றைக்கே காய வைத்து ஒரு தொடு தொட அது வேண்டும். அடுத்த வருடம் லேசாகத் தேய்த்து ரெண்டு கோட் அடிக்கவும் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்