சம்பளம் இருக்கிறது, சாவி இல்லை

இரவுக் காப்பகங்களை நடத்துவோருக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் நகர நிர்வாகங்களுக்கும்,

வணக்கம். வீடில்லாதவர் என்றால் வேலையும் இல்லாதவர் என்றே உங்கள் படிவங்கள் எடுத்துக்கொள்கின்றன. நான் எட்டு மாதம் வீடில்லாமல் இருந்தேன். அந்த எட்டு மாதமும் ஒருநாள் தவறாமல் வேலைக்குப் போனேன். கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. பொது கழிப்பறையில் குளித்து, சீருடையை மாட்டிக்கொண்டு போய் நிற்பேன். கூட வேலை பார்த்தவர்களுக்கு வெகுநாள் விஷயமே தெரியாது.

எனக்கு முதல் தடை உங்கள் கடிகாரம்தான். மாலை ஆறு மணிக்குள் வரிசையில் நின்றால்தான் காப்பகத்தில் படுக்கை. என் ஷிப்ட் முடிவதோ இரவு பத்துக்கு. படுக்கைக்காக வேலையை விட முடியுமா? பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன். இரவு ஷிப்ட்காரர் பாடு இன்னும் மோசம். அவர் கண் எரிய வந்து சேரும்போதுதான் எல்லோரையும் காப்பகத்தை விட்டு வெளியே அனுப்புவார்கள்.

சரி, சம்பளம் வருகிறதே, ஓர் அறை பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று எல்லோரும் கேட்டார்கள். மாத வாடகை என்னால் கொடுக்க முடியும். அட்வான்ஸ்தான் முடியவில்லை. பல மாத வாடகையை மொத்தமாக வைத்தால்தான் சாவி கைக்கு வரும். அதைச் சேர்க்கும்வரை உடம்பு தாங்காத நாட்களில் லாட்ஜ். அங்கே நாள் கணக்கில் கொடுப்பதை முப்பதால் பெருக்கினால் ஓர் அறையின் மாத வாடகையைத் தாண்டிப் போகும். அடுப்பு இல்லாததால் மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு. பை களவு போனால் துணி, செருப்பு எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். இந்த நிலையில் எங்களுக்குச் சிக்கன வகுப்பு நடத்தினார்கள். நல்ல மனத்தோடுதான் நடத்தினார்கள், ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வந்தது.

கனடாவின் வான்கூவரில் வீடிழந்த 50 பேருக்குத் தலா 7,500 கனடிய டாலரை ஒரே தவணையாக, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வெளியான ஆய்வின்படி, அடுத்த ஓராண்டில் அவர்கள் வீடில்லாமல் கழித்த நாட்கள், பணம் பெறாதவர்களைவிடச் சராசரியாக 99 குறைவு. குடிக்கும் போதைக்கும் செலவு கூடவில்லை. கடுமையான போதைப் பழக்கமோ மனநலச் சிக்கலோ உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இன்னும் நீண்ட துணை தேவை. நான் பேசுவது கையில் வேலை இருந்தும், ஒரு தொகை குறைந்ததால் தெருவில் நிற்பவர்களைப் பற்றி.

பின்லாந்து 2008 முதல் நிலையான வீட்டை முதலில் கொடுத்துவிட்டு மற்றச் சிக்கல்களைப் பிறகு பார்க்கிறது. ஹெல்சிங்கியில் காப்பகங்களையே தனித்தனி வீடுகளாக மாற்றினார்கள். குடியிருப்பவர் ஒப்பந்தம் போட்டு, வாடகை கட்டி, தன் வீட்டுச் சாவியைத் தானே வைத்திருக்கிறார்.

அவ்வளவு பெரிய மாற்றம் நாளையே நடக்காது என்று தெரியும். ஆனால் சம்பளச் சீட்டோடு வருபவருக்கு எந்த நேரத்திலும் கதவைத் திறக்கலாமே. அட்வான்ஸை வட்டியில்லாக் கடனாக நேரே வீட்டுக்காரரிடம் கட்டிவிட்டு, சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பெறலாம். பூட்டி வைக்க ஒரு லாக்கர் கொடுங்கள், கடிதம் வந்து சேர ஒரு முகவரி கொடுங்கள். முகவரிக் கட்டம் காலியாக இருந்ததால் மட்டும் எத்தனை விண்ணப்பங்கள் திரும்பி வந்தன! அப்புறம், சம்பளம் சற்றுக் கூடியதும் உதவியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். ஓவர்டைம் பார்த்த மாதமே என் உணவு உதவி நின்றது. அடுத்த மாதம் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

கடைசியில் விஷயம் தெரிந்த என் மேற்பார்வையாளர் தன் கைப்பணத்தில் அட்வான்ஸ் கட்டினார். ஏழு மாதத்தில் முழுவதும் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு அவர் கிடைத்தார், எல்லோருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை.

அடுத்த ஆண்டுக்கான நிதியை ஒதுக்கும் முன், ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு உங்கள் காப்பக வாசலில் வந்து நில்லுங்கள். வேலை முடிந்து வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்களிடம் பேசுங்கள். நானும் உடன் வரத் தயார்.

இப்படிக்கு,
எட்டு மாதம் வெளியே தூங்கிய ஒரு தொழிலாளி