கியோத்தோ இரவுப் புகைப்பட நடை நடத்துபவர்களுக்கு

வணக்கம். போன வாரம் பணம் கட்டி உங்களோடு நடந்தவர்களில் நானும் ஒருவன். கெய்ஷா என்கிற ஆடல் பாடல் கலைஞர்கள் வேலை செய்யும் கியோன் பேட்டையில் அன்று நடந்தது உங்களுக்கே தெரியும், முன்னால் நின்றதே நீங்கள்தான், அதனால் முழுக்கதையும் வேண்டாம்.

ஹனாமிகோஜி தெருவில் டாக்ஸியிலிருந்து அந்த மைக்கோ, கெய்ஷாவாகப் பயிற்சி எடுக்கும் சின்னப் பெண், இறங்கியதும் "அதோ, அதோ" என்று நீங்கள் கை காட்ட, 12 கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின. அவள் காலில் 10 சென்டிமீட்டர் உயர மரச்செருப்பு, அதைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது. குட்டிக் குட்டி அடியாக வேகமாக நடந்து சந்துக்குள் போனாள், எங்களில் இருவர் பின்னாலேயே போனார்கள். ஒரு தேநீர் விடுதி வாசலில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். பின்கழுத்தில் வெள்ளைப் பூச்சுக்கு நடுவே பூசாமல் விட்டிருப்பார்களே, அந்தக் கொஞ்சம் தோல் ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் தெரிந்து தெரிந்து மறைந்தது. கட்டாயப் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பயிற்சிக்கு வருகிற வயசு. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

உங்கள் விளம்பரத்தில் இருக்கும் 'கெய்ஷா படம் நிச்சயம்' என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

கியோனின் தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று அந்தப் பகுதிக்காரர்கள் 2019-லேயே பலகை வைத்தார்கள். நாம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, 2024-ல் அந்தச் சந்துகளுக்குள் வரவே வேண்டாம் என்றார்கள். அடுத்து என்ன, அவர்களே ஊரைக் காலி செய்ய வேண்டுமா? சரி, படமாவது தேறியதா? ஷட்டரை 1/15 நொடி திறந்து வைத்து நடக்கிற ஆளை எடுத்தால் வெள்ளையாக ஒரு புகைதான் வரும், என்னுடையதில் அதுதான் வந்தது. ஆமாம், நானும் எடுத்தேன்.

ஆனால் விளக்கு எங்கேயும் ஓடாது. அங்கே தொங்குகிற சிவப்பு விளக்குகளில் கோத்த கொழுக்கட்டை மாதிரி வெள்ளை வட்டங்கள் இருக்கும், ஆற்றைத் தாண்டி இன்னொரு கெய்ஷா பேட்டையான பொன்தோச்சோவுக்குப் போனால் விளக்குக்கு விளக்கு ஒரு குட்டிப் பறவை. கியோன் வழியே போகும் ஷிரகாவா ஓடையில் வெளிச்சம் விழுவதை ஒரு மணி நேரம் எடுக்கலாம். அங்கே எங்களுக்குக் கிடைத்தது ஆறு நிமிடம், மைக்கோ நடமாடும் நேரம் தப்பிவிடுமாம்!

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். அடுத்த குழு கிளம்புவதற்குள் அந்த வரியை எடுத்துவிடுங்கள். என்னிடமிருந்த 14 படங்களை அழித்துவிட்டேன், வாட்ஸ்அப் குழுவில் கிடப்பவற்றையும் நீக்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.